தேன்சிட்டும் அரளி விட்டிலும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

விலங்கியல் பயிலும் மாணவர்களாகிய நாம், முதலாண்டிலேயே ‘ஒப்பிடுக’ என்னும் வினாவுக்குப் பழகிவிடுகிறோம். தவளையின் இதயத்தையும் புறாவின் இதயத்தையும் ஒப்பிடுக. சுறாவின் மூளையையும் முயலின் மூளையையும் ஒப்பிடுக. விடைத்தாளின் நடுவில் ஒரு கோட்டை இழுத்து, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக எழுதிவிட்டால் ஐந்து மதிப்பெண்கள் கிடைக்கும். இந்த ஒப்பீடுகளில் எல்லாம் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. ஒப்பிடப்படும் இரண்டும் உறவினர்கள். தவளைக்கும் முதுகெலும்பு உண்டு, புறாவுக்கும் உண்டு. தாத்தாவின் மூக்கையும் பேரனின் மூக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போன்றது அது.

உறவே இல்லாத இரண்டு உயிர்களை ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்? இக்கேள்வி எனக்கு வகுப்பறையில் தோன்றவில்லை. நாங்கள் குடியிருக்கும் மயிலாப்பூர் வீட்டின் முற்றத்தில் தோன்றியது. அங்கே பகலெல்லாம் செம்பருத்தியிடம் வந்து போகும் விருந்தாளி ஒன்று. பொழுது சாய்ந்ததும் மல்லிகைப் பந்தலுக்கு வரும் விருந்தாளி மற்றொன்று. முன்னது தேன்சிட்டு, பின்னது அரளி விட்டில். இரண்டும் உண்பது பூந்தேன். இரண்டுக்கும் தம் உடலுக்கேற்ற நீண்ட வாய்க்கருவி. இரண்டையும் கண்ணால் பின்தொடர்வது கடினம், அத்தனை வேகம். ஆயினும் ஒன்று பறவை, மற்றொன்று பூச்சி.

முதலில் இருவரையும் அறிமுகம் செய்துவைக்கிறேன்.

நம் நகரில் மிகுதியாகக் காணப்படும் தேன்சிட்டு ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆகும். அறிவியல் பெயர் லெப்டோகோமா ஸெய்லோனிகா. லின்னேயஸ் இதற்கு 1766-ஆம் ஆண்டு பெயரிட்டார். ‘ஸெய்லோனிகா’ என்றால் இலங்கையைச் சேர்ந்தது என்று பொருள். இந்தியத் துணைக்கண்டத்தை விட்டு இது வெளியே போவதில்லை. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் பத்து சென்டிமீட்டருக்குமேல் இராது. ஆணுக்குக் குங்கும நிற முதுகு, மஞ்சள் வயிறு, பச்சையாக மின்னும் உச்சந்தலை, ஊதா நிறத் தொண்டையும் பிட்டமும். பெண்ணுக்கு அத்தனை அலங்காரம் இல்லை. வெண்மையான தொண்டை, இளமஞ்சள் மார்பு, மங்கிய முதுகு. தியாகராய நகரின் பனகல் பூங்காவில் இதைப் பார்த்திருக்கிறேன். லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவில் பார்த்திருக்கிறேன். அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் இதன் குரல் காதைத் துளைக்கும். ஒரு செம்பருத்தியும் ஒரு முருங்கையும் இருந்தால் போதும், சிட்டு குடிவந்துவிடும்.

அரளி விட்டிலின் அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரியை. இதற்கும் பெயரிட்டவர் லின்னேயஸ்தான், ஆண்டு 1758. ‘நெரியம்’ என்பது அரளிச் செடியின் பெயர். இது சேர்ந்த குடும்பத்தை ஆங்கிலேயர் ‘ஹாக் மாத்’ என்பார்கள்; பருந்து விட்டில் என்று சொல்லலாம். விட்டில் என்றவுடன் துணி அரிக்கும் அந்துப்பூச்சியை நினைத்துவிட வேண்டாம். சிறகை விரித்தால் ஒன்பது முதல் பதின்மூன்று சென்டிமீட்டர் வரை இருக்கும். தேன்சிட்டின் நீளத்துக்கு இது எந்தவிதத்திலும் குறைந்ததன்று. பச்சை, வெளிர்பச்சை, இளஞ்சிவப்பு, வெண்மை எல்லாம் கலந்து, இராணுவத்தார் உடைபோல் இருக்கும். இலைகளுக்கிடையே அமர்ந்துவிட்டால், அங்கே இருக்கிறது என்று தெரிந்தவன்கூடத் தேட வேண்டியிருக்கும். தேன்சிட்டைப் போல் இது ஊர்க்கட்டுப்பாடு உடையதன்று. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்கிறது. கோடையில் கடல் தாண்டி ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்கிறது.

இவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒன்றைத் தேடிப் போனால் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் போக வேண்டும். அது கடலில் வாழ்ந்த ஓர் எளிய உயிர். அதற்குச் சிறகு கிடையாது. அந்நாளில் உலகில் பூவும் கிடையாது. ஆகவே தேன் குடிக்கும் கலையை இவை தத்தம் வீட்டில் தனித்தனியே கற்றிருக்கின்றன. இதைத்தான் குவி பரிணாமம் என்று நம் பாடநூல் கூறுகிறது. வெவ்வேறு ஊரிலிருந்து புறப்பட்ட இரண்டு பேருந்துகள் ஒரே நிலையத்தில் வந்து நிற்பதைப் போல.

சிறகை எடுத்துக்கொள்வோம். தேன்சிட்டின் சிறகு ஒரு கை. தோள் எலும்பு, முன்கையின் இரண்டு எலும்புகள், மணிக்கட்டு, சுருங்கிப்போன விரல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நம் கையை நீட்டிப் பார்த்தால் அந்த வரைபடம் நமக்கும் பொருந்தும். விட்டிலின் சிறகில் ஒரு எலும்பும் இல்லை. மார்பின் மேலோடு வெளியே நீண்டு, தட்டையாகி, நரம்புகளால் தாங்கப்பட்ட ஒரு சவ்வு அது. தசைகள் சிறகுக்குள் இல்லை. மார்புப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, அந்தப் பெட்டியையே அமுக்கியும் விடுவித்தும் சிறகை அசைக்கின்றன. செயலொத்த உறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நூல்கள் வௌவாலையும் வண்ணத்துப்பூச்சியையுமே திரும்பத் திரும்பக் காட்டுவது ஏன் என்று விளங்கவில்லை.

வாய்க்கு வருவோம். சிட்டின் அலகு மெல்லியது, கீழ்நோக்கி வளைந்தது. அதற்குள் இருக்கும் நாக்கு ஓரங்கள் சுருண்டு குழல் போல் அமைந்து, நுனியில் பிளவுபட்டிருக்கும். விட்டிலுக்கு நாக்கு இல்லை. வாயுறுப்புகளில் ஒரு ஜோடி நீண்டு, ஒவ்வொன்றும் பாதிக்குழாயாகி, இரண்டும் ஒன்றோடொன்று கோத்து முழுக்குழாய் ஆகின்றன. வேலை இல்லாதபோது கடிகார வில்லைப் போல் முகத்தின் கீழ் சுருட்டிவைத்துக்கொள்ளும். இக்குடும்பத்துப் பூச்சிகள் சிலவற்றில் இக்குழல் உடலைவிட நீளம்.

இந்த நீளத்தைப் பற்றி ஒரு கதை உண்டு, உண்மைக் கதை. மடகாஸ்கர் தீவில் ஓர் ஆர்க்கிட் மலர். அதன் தேன் ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள குழலின் அடியில் இருக்கிறது. 1862-இல் இதைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வின், அத்தனை நீளத்துக்கு உறிஞ்சுகுழல் நீட்டக்கூடிய ஒரு விட்டில் அத்தீவில் இருந்தே ஆக வேண்டும் என்றார். கேட்டவர்களில் சிலர் நகைத்தார்கள். 1903-இல் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் அப்படிப்பட்ட பருந்து விட்டில் ஒன்றை அத்தீவிலிருந்து விவரித்தார்கள். அதைக் காண டார்வின் இல்லை. அவர் 1882-இல் மறைந்துவிட்டார். பூவைப் பார்த்துப் பூச்சியைச் சொன்ன அந்தத் துணிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பறக்கும் முறையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தரத்தில் நின்றபடி தேன் உண்பது பறவைகளில் அமெரிக்கக் கண்டத்து ஹம்மிங் பறவையின் கலை. நம் தேன்சிட்டுக்கு அது அரைகுறையாகவே வரும். சில நொடிகள் படபடத்து நிற்கும். உடனே காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்துவிடும். செம்பருத்தி போன்ற பெரிய பூவில் நேர்வழியே போகச் சோம்பல்பட்டு, அடிப்பகுதியில் துளையிட்டுத் தேனைத் திருடிக்கொள்வதும் உண்டு. மகரந்தம் சுமக்கும் கூலியைக் கொடுக்காமல் சாப்பிட்டுப் போகும் வாடிக்கையாளர் என்று இதைச் சொல்ல வேண்டும். விட்டிலோ பூவில் அமர்வதே இல்லை. அந்தரத்தில் நின்று, குழலை நீட்டி, உறிஞ்சி, அடுத்த பூவுக்கு நகர்கிறது. பறவைக்குரிய கலையைப் பூச்சி செய்கிறது. பறவை கிளை தேடுகிறது!

இதனால் ஏமாந்தவர் ஒருவர் உண்டு. அமேசான் காடுகளில் பதினோரு ஆண்டுகள் அலைந்த ஹென்றி பேட்ஸ், ஹம்மிங் பறவை என்று எண்ணிப் பருந்து விட்டிலைச் சுட்டு வீழ்த்தியதாகவும், அது ஒருமுறை அன்று பலமுறை நடந்ததாகவும் 1863-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அவ்வூர் மக்கள் இதற்கு ஒருபடி மேலே போய், ஒன்றுதான் மற்றொன்றாக மாறுகிறது என்று உறுதியாக நம்பினார்களாம்.

இத்தனை கனமான உடலை இத்தனை சிறிய சிறகு எப்படித் தூக்குகிறது என்ற புதிருக்கு 1996-இல் கேம்பிரிட்ஜில் எல்லிங்டன் குழுவினர் பருந்து விட்டிலைக் கொண்டே விடை கண்டனர். சிறகு கீழே வீசும்போது அதன் முன்விளிம்பில் காற்று ஒரு சுழலாகத் திரண்டு, சிறகின் மேல் அழுத்தத்தைக் குறைத்து, உடலை மேலே இழுக்கிறது. விமான இறக்கைக்கான கணக்கு அசையும் சிறகுக்குப் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று.

இனி உடல் வெப்பம். இங்கேதான் என் வியப்பு மிகுந்தது. பறவை வெப்ப இரத்தப் பிராணி, பூச்சி குளிர் இரத்தப் பிராணி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். தேன்சிட்டின் உடல் வெப்பம் நாற்பது டிகிரியை ஒட்டி இருக்கும். பறந்துகொண்டிருக்கும் பருந்து விட்டிலின் மார்பை அளந்தாலோ, அதுவும் ஏறக்குறைய அதே அளவைத் தொடுகிறது! உட்கார்ந்திருக்கும்போது அது சுற்றுப்புறத்தின் வெப்பத்திலேயே இருக்கிறது. பறக்க வேண்டும் என்று எண்ணியதும் சிறகுகளை நடுக்குகிறது. குளிரில் நமக்குப் பல் அடித்துக்கொள்வதைப் போல் தசைகள் அதிர்ந்து வெப்பம் உண்டாகிறது. மார்பு போதிய சூடு ஏறிய பிறகே புறப்படும். பெர்ண்ட் ஹைன்ரிக் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பருந்து விட்டில் ஒன்றில் செய்த சோதனைகளால், சூடு மிகுந்தால் அதை வயிற்றுப் பகுதிக்கு இரத்தத்தின் வழியே அனுப்பி ஆற்றிக்கொள்கிறது என்றும் காட்டினார். நம் மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் செய்யும் வேலை. ஆக, சிட்டு இரவும் பகலும் எரியும் அடுப்பு. விட்டில் வேண்டும்போது மூட்டிக்கொள்ளும் அடுப்பு. விறகு இரண்டுக்கும் ஒன்றே, சர்க்கரை.

மூச்சு, இரத்தம், கழிவு இவற்றை விரிக்கப் போவதில்லை. அவை எல்லாப் பாடநூலிலும் உள்ளன. சிட்டுக்கு நுரையீரலும் காற்றறைகளும். விட்டிலுக்கு உடலின் பக்கங்களில் துளைகளும் குழல்களும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றி நீரைச் சேமிக்கும் வழியைப் பறவைகளும் பூச்சிகளும் பொதுவாகக் கைக்கொண்டுள்ளன. பறக்கிறவனுக்குச் சுமை கூடாது.

இப்பொழுது பூக்களின் பக்கமிருந்து பார்ப்போம். இதில் எனக்கு ஆசிரியர் இருவர். ஒருவர் நம் தாவரவியல் விரிவுரையாளர். மற்றவர் என் தாயார். அவர் மயிலாப்பூரில் பூக்கட்டி விற்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. பூக்களை அவர் இரண்டாகப் பிரிப்பார்: வாசனைப் பூ, நிறப் பூ. மல்லி, முல்லை, பவழமல்லி, ராமல்லி எல்லாம் வாசனைப் பூக்கள். கனகாம்பரம், செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாம் நிறப் பூக்கள். “வாசனைப் பூ எல்லாம் வெள்ளையா இருக்கும்பா, அந்திக்கு மேலதான் வாய் திறக்கும். அதனாலதான் காலையிலேயே மொட்டா வாங்கிக் கட்டிடணும்” என்பார். இது வியாபாரத்துக்காக அவர் கற்ற பாடம். இதே பிரிவினையை மகரந்தச் சேர்க்கை என்ற தலைப்பில் நான் வகுப்பில் படித்தபோது சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும். மோப்பத்தை அது நம்பி வாழ்வதில்லை. ஆகவே பறவையை அழைக்கும் பூ சிவப்பாகப் பகலில் மலர்கிறது; வாசனைக்குச் செலவு செய்வதில்லை. செம்பருத்தியும் கல்யாணமுருங்கையும் மாமரத்தில் ஒட்டி வாழும் புல்லுருவியும் இதற்குச் சான்று. விட்டிலை அழைக்கும் பூவுக்குச் சிவப்பு பயன்படாது. இருளில் சிவப்பு கறுப்பாகிவிடும். எனவே வெண்மை, எனவே நறுமணம், எனவே அந்திப் பொழுது, எனவே நீண்ட குழல். மரமல்லியைப் பாருங்கள். இந்நான்கும் அதில் உண்டு. காலையில் நாம் வகுப்புக்கு வரும்போது மிதித்து வரும் வெள்ளைப் பூக்கள், முன்னிரவில் விருந்து நடந்து முடிந்த இடத்தின் எச்சில் இலைகள். பெண்கள் தலையில் சூடும் மல்லிகையின் மணமும் முதலில் பூச்சிகளை அழைக்க உண்டானதே அன்றி நமக்காக அன்று. இதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா, “அப்போ நாம விட்டிலுக்கு வந்த சாமானைத்தான் விக்கிறோமா?” என்று கேட்டுச் சிரித்தார்.

விட்டிலுக்கு நிறம் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. 2002-இல் ஆல்முட் கெல்பர் என்னும் அம்மையாரும் உடன் ஆய்ந்தவர்களும், இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விட்டில் நட்சத்திர ஒளியிலேயே நிறங்களைப் பிரித்தறிகிறது என்று நிறுவினர். அவ்வொளியில் நாம் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாகத்தான் காண்போம். பல நூறு லென்சுகள் வழியே வரும் ஒளியை ஒரே இடத்தில் சேர்க்கும் அதன் கூட்டுக்கண் அத்தனை நுட்பமானது. இன்னொரு செய்தி: இவ்விட்டிலுக்குப் பெயர் தந்த அரளியின் பூவில் தேனே கிடையாது. அச்செடி விட்டிலின் குஞ்சுகளுக்குச் சோறு, விட்டிலுக்கு அன்று.

துணையைத் தேடும் வழியிலும் இவ்வேற்றுமை தொடர்கிறது. தேன்சிட்டு பாடுகிற பறவைகளின் வரிசையைச் சேர்ந்தது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்க்ஸ் எனும் குரற்பெட்டி அதற்கு உண்டு. “ட்ஸீ... ட்ஸீ...” என்று ஆண்சிட்டு உச்சிக்கிளையில் நின்று இடமும் வலமும் உடலைத் திருப்பிக் கத்துவதைக் கேளாதவர் இரார், இசை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. அதன் மின்னும் நிறத்திலும் சாயம் குறைவு. இறகின் நுண்ணிய அடுக்குகள் ஒளியைச் சிதைத்துக் காட்டும் மாயம் அது. நிழலுக்குள் வந்தால் பச்சைத் தலை கறுத்துவிடும். இவ்வளவும் பிறர் தன்னைக் காண வேண்டும் என்பதற்காக. விட்டிலோ பிறர் தன்னைக் காணக் கூடாது என்று வாழ்வது. பெண்விட்டில் ஓர் இலையருகே அமைதியாக அமர்ந்து மணப்பொருளைக் காற்றில் விடுகிறது. ஆண் தன் உணர்கொம்புகளால் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேருகிறது. சிட்டு பேசுகிறது, விட்டில் கடிதம் போடுகிறது.

பிள்ளை வளர்ப்பில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. எங்கள் வீட்டில் நடந்த வழக்கும் இதைப் பற்றியதே.

சிட்டு இரண்டு முட்டை இடும். நாரும் சிலந்தி நூலும் கொண்டு பைபோல் ஒரு கூட்டைப் பெரும்பாலும் பெண்ணே கட்டித் தொங்கவிடும். பக்கத்தில் வாயிலும் அதற்குமேல் சிறு தாழ்வாரமும் இருக்கும். இரண்டு வாரங்களுக்குச் சற்று மேல் அடைகாப்பு; அதன்பின் ஏறத்தாழ அதே காலம் குஞ்சுகளுக்கு ஊட்டல். தேனை மட்டும் ஊட்டினால் குஞ்சு வளராது, புரதம் வேண்டும். ஆகவே பெற்றோர் சிறு புழுக்களையும் சிலந்திகளையும் தேடி அலைகின்றன. விட்டிலோ இளம்பச்சை முட்டைகளை அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இவற்றின் இலைகளில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போய்விடும். திரும்பிப் பார்ப்பதில்லை. சரியான இலையைத் தேர்ந்தெடுப்பதே அதன் தாய்மை முழுவதும். அரளி இலை மனிதனின் இதயத்தை நிறுத்தவல்ல நஞ்சு. இப்புழு அதைத் தின்று கொழுக்கிறது. பச்சை உடல், வாலில் ஒரு கொம்பு, தலைக்குப் பின்னால் நீலமும் வெண்மையுமாக இரண்டு பொய்க்கண்கள். தொட்டால் தலையை உள்ளிழுத்துப் பொய்க்கண்களை உருட்டிக் காட்டும். பாம்பு என்று சிறு பறவைகள் அஞ்சி ஒதுங்கவே இந்த ஏற்பாடு.

எங்கள் வளாகத்தில் ஐந்து குடும்பங்கள். வீட்டுக்காரம்மாவின் பூசைக்கு நந்தியாவட்டைப் பூ நாள்தோறும் வேண்டும். சென்ற மழைக்காலத்துக்குப் பின் அச்செடியில் இப்புழுக்கள் ஏறி, ஒரு வாரத்தில் பாதிச் செடியை மொட்டையாக்கிவிட்டன. அவர் பூச்சிமருந்து வாங்கி வைத்துவிட்டார். “என்னப்பா, காலேஜ்ல பூச்சியைப் பத்தித்தானே படிக்கிறே? நீயே அடிச்சுடு” என்று என்னிடமே தெளிப்பானைக் கொடுத்தார்.

அதே செடிக்கு நான்கடி தள்ளி, மாடிப்படிக் கம்பியில் தேன்சிட்டுக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகளும் இருந்தன. அந்தக் கூட்டின்மேல் வீட்டுக்காரம்மாவுக்கு உயிர். யாரும் அந்தப் பக்கம் துணி உலர்த்தக் கூடாது என்று ஐந்து குடும்பங்களுக்கும் கட்டளை. நான் அவரைக் கூட்டினருகே அழைத்துப்போய், அதன் வெளிப்புறத்தைக் காட்டினேன். மரப்பட்டைத் துண்டுகளுக்கிடையே சிறு சிறு கறுப்பு மணிகள் சிலந்தி நூலில் ஒட்டியிருந்தன. தேன்சிட்டுகள் தம் கூட்டுக்கு வெளியே புழுக்களின் எச்சத்தை ஒட்டிவைக்கும் என்று சாலிம் அலி எழுதியிருக்கிறார். கூடு குப்பைபோல் தோன்றினால் காகம் கவனிக்காது. “அம்மா, நீங்க அடிக்கச் சொல்ற புழுவோட வீட்டுப் பொருளை வெச்சுத்தான் இது கூடு கட்டியிருக்கு. பெரிய புழுவை இது தின்னாது. ஆனா இந்தச் செடியில இருக்கற சின்னப் புழுவையும் சிலந்தியையும்தான் குஞ்சுக்கு ஊட்டுது. மருந்து பட்ட பூச்சி குஞ்சோட வாய்க்குத்தான் போகும்” என்றேன்.

அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ என் பூவுக்கு வழி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இயற்கையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இக்கேள்விக்கு விடை சொல்லாமலே இறங்கிவிடுகிறார்கள். குஞ்சுகள் பறக்கும் வரை மருந்து இல்லை, பெரிய புழுக்களை நான் கையால் எடுத்துவிட வேண்டும், பூசைக்கு அதுவரை அம்மா பூக்கொடுக்க வேண்டும் என்று மூவருக்கும் உடன்பாடாயிற்று. அந்தப் பன்னிரண்டு நாள் பூவுக்கு அம்மா காசு வாங்கவில்லை. அவருக்கு அது சிறிய தொகை அன்று என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

எடுத்த புழுக்களில் பலவற்றைக் கல்லூரித் தோட்டத்து நந்தியாவட்டைக்குக் கொண்டுவந்து விட்டேன். மதிய உணவுப் பாத்திரத்தில் புழு கொண்டுவருபவன் என்று நண்பர்கள் எனக்குச் சூட்டிய பெயரை இம்மலரில் அச்சிட இயலாது. இரண்டை மட்டும் மண் நிரப்பிய கண்ணாடிச் சாடியில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தேன். பச்சைப் புழு தன் கடைசி நாட்களில் பழுப்பேறி, செடியிலிருந்து இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழு ஆயிற்று. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, ஒரு விட்டில் வெளிவந்து சாடியின் சுவரில் தொங்கியது. சிறகு உலர்ந்து விரிந்ததும் நடுக்கம் தொடங்கிற்று. ஹைன்ரிக்கைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் என் கண்முன் நடந்தது. சன்னலைத் திறந்தோம், மரமல்லிப் பக்கம் போயிற்று. இரண்டாவது வெளிவரவில்லை. வீட்டில், குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டன. நந்தியாவட்டை மறுபடி துளிர்த்திருக்கிறது. தெளிப்பான் மாடிப்படியின் கீழ் இருக்கிறது. அடுத்த பருவத்தில் புழு வந்தால் என்ன செய்வார் என்று வீட்டுக்காரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கில் விழும் விட்டில் என்பது நம் நாட்டில் ஆசைக்கு உவமை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வுவமையை அசைத்துவிட்டது. பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளியின் பக்கம் வைத்துக்கொள்ளும். இயற்கையில் ஒளி வானத்திலிருந்து வருவதால் அது நேராகப் பறக்கிறது. விளக்கருகே வந்தால் முதுகை விளக்குக்குக் காட்ட முயன்று சாய்ந்து சாய்ந்து சுற்றிக்கொண்டே சிக்கிவிடுகிறது. ஆசையன்று, திசைகாட்டும் கருவியின் குழப்பம். இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் இக்குழப்பத்துக்கு உட்படாமல் விளக்கின்மேல் பறந்துபோன மிகச் சிலவற்றுள் நம் அரளி விட்டிலும் ஒன்று.

இரண்டையும் காண விரும்பும் நண்பர்களுக்கு: சிட்டைக் காணக் காலை ஏழு மணிக்குள் வர வேண்டும், நூலகத்தின் பின்னால் உள்ள செம்பருத்திதான் இடம். விட்டிலுக்கு மாலை ஆறேகால் மணியிலிருந்து ஏழு மணி வரை, மரமல்லி பூக்கும் மாதங்களில், மரத்தின்கீழ் அசையாமல் நிற்க வேண்டும். டார்ச் விளக்கு அடிக்கக் கூடாது. காவலாளி கேட்டால் விலங்கியல் துறை என்று சொல்லுங்கள். அவருக்கு இப்போது பழகிவிட்டது.